ஆச்சியின் தயக்கங்களும் என் இரண்டு வரிகளும்

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழரின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். குமரி, நெல்லைப் பக்கங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வணிகம் செய்யும் குடும்பங்கள். பதிவுகளைக் கைபேசியிலிருந்து மடிக்கணினிக்கு அனுப்பவும், கேட்டுக் கேட்டு எழுத்தில் பெயர்க்கவும் ஜாங்கோவில் ஒரு சிறு வலைச்செயலியை நானே எழுதிக்கொண்டேன். நிரல் எழுதத் தெரிந்தால் போதும், பிழைச்செய்திகளை வாசிக்க வேண்டியதில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

செயலியை உருவாக்கும் காலத்தில் பயன்படும் ‘ரன்சர்வர்’ என்னும் வழங்கி ஓயாமல் பேசும். ஒரு பதிவு முழுதும் வந்து சேருமுன் அடுத்ததைத் தொட்டால், உலாவி பழைய இணைப்பை அறுத்துக்கொண்டு போய்விடும். வழங்கி அதை அறியாமல் அனுப்பிக்கொண்டே இருந்து, பிறகு ‘புரோக்கன் பைப்’ என்று முறையிடும். லினக்ஸில் அப்பிழையின் எண் 32. சொல்லி முடிக்குமுன் கேட்பவர் எழுந்து போய்விட்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதை உணர்ந்துதான் ஜாங்கோவை ஆக்கியவர்கள், நீண்ட புலம்பலாக வந்ததை ஒற்றை வரிக் குறிப்பாகச் சுருக்கினார்கள்.

என்னைச் சலிப்படையச் செய்தது எதிர்த்திசை இரைச்சல். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வைஃபை அறுந்தால், கைபேசி அனுப்பிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். திரையில் வரிவரியாகப் பிழைச்செய்தி கொட்டும். இணைப்பு மீண்டதும் கோப்பு தானே மறுபடி போய்விடும் என்பதால் அவ்வரிகளால் எனக்குப் பயனில்லை. ஒரு மாலையில், ‘ஓஎஸ்எரர் எது வந்தாலும் பொருட்படுத்தாதே’ என்று இரண்டு வரிகள் சேர்த்தேன். திரை அமைதியானது.

மூன்று வாரம் கழித்து மடிக்கணினியின் வட்டு நிரம்பியது. இடமில்லை என்னும் பிழையும், எண் 28, பைத்தானில் அதே ஓஎஸ்எரர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் குரலை என் இரண்டு வரிகள் விழுங்கிவிட்டு, ‘சேமிக்கப்பட்டது’ என்று கைபேசிக்குப் பதில் அனுப்பின. அதை நம்பிக் கைபேசியில் இருந்தவற்றை அழித்தேன். போனவற்றுள் ஒன்று, எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் தாம் சாலைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்ன நாற்பது நிமிடப் பதிவு.

தவறு முழுதும் என்னுடையது. முன்பு எண்ணைப் பார்த்தே பிரித்தறிய வேண்டியிருந்த இத்தகைய பிழைகள் பலவற்றுக்கு, 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 தனித்தனிப் பெயர் தந்தது. பாதியில் அறுந்த பதிவேற்றத்துக்கு ஜாங்கோவும் ‘அன்ரீடபிள்போஸ்ட்எரர்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மொழியியல் மாணவர் செய்யக்கூடாத பிழை இது. தமக்கெனப் பொருள் இல்லாமல் நிற்கும் சொற்களையும் தொல்காப்பிய இடையியல் தள்ளிவிடவில்லை. அசைநிலை, இசைநிறை என்று பெயரிட்டு வகைப்படுத்துகிறது. பேச்சைப் பெயர்த்தெழுதும்போது ஒரு ‘ம்’ கூட விடுபடக்கூடாது என்று வகுப்பில் கற்றதும் நான்தான்.

இப்போது அந்த ஒரு பெயரை மட்டும் ஒற்றை வரியாகச் சுருக்கியிருக்கிறேன். மற்றவை முழுமையாகவே வருகின்றன. இரு பக்கமும் கோப்பின் அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே கைபேசியில் அழிக்கிறேன். களப்பணியில் இருக்கும் நண்பர்களும் இவ்வாறே செய்யுங்கள். திரையை அமைதியாக்கும் முன், எதை அடக்குகிறோம் என்று பெயர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

ஆச்சியிடம் திரும்பப் போனேன். “அண்ணைக்குச் சொன்னதுதானே மக்கா, அதுக்குள்ள மறந்துட்டியா?” என்று சிரித்தபடியே மறுபடி சொன்னார். கதையில் எதுவும் குறையவில்லை. ஆனால் பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் முறை சொல் தேடி நின்ற இடங்களையெல்லாம் இம்முறை தடையின்றிக் கடந்துவிட்டார். தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறுமிடத்தில் பேச்சு எவ்வாறு தயங்குகிறது என்பதுதான் என் ஆய்வுப்பொருள்.