பெட்டிக்குள் ஒரு குரல்

வீடு மாறுவது எளிய செயலன்று. மேசை, கட்டில், அலமாரி போன்றவற்றைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றிவிடலாம். சிறு கீறல் விழுந்தாலும் அவை பயன்படும். வரவேற்பறையில் நிற்கும் பெரிய ஒலிபெருக்கிகள் அப்படிப்பட்டவை அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு குடும்பம் கிள்ளானுக்குக் குடிபெயர்வதாக எண்ணிக்கொள்வோம். தாத்தா இளமையில் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய இரண்டு ஒலிபெருக்கிகள் அவ்வீட்டில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம். 25 கிலோகிராம் எடை. "கெட்டியான மரப்பெட்டிதானே, தாத்தா! ஒன்றும் ஆகாது," என்கிறான் பேரன். ஆனால், தாத்தாவின் மனம் அமைதியடையவில்லை. அவரது அச்சத்தில் நியாயம் உண்டு.

இன்றும் பயன்படும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை, 1925-ஆம் ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் உருவாக்கினர். மெல்லிய கூம்பு ஒன்றின் பின்னால் கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். காந்தத்தின் குறுகிய இடைவெளியில் அச்சுருள் அசையும்போது, கூம்பும் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. கூம்பு பெரும்பாலும் தாளாலோ நெகிழியாலோ ஆனது. பழைய கருவிகள் பலவற்றில் அதன் விளிம்பைச் சுற்றி நுரை வளையம் இருக்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது நாளடைவில் நொறுங்கிவிடும். ஆக, பெட்டி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அதன் உயிர் விரல் அழுத்தினாலே குழிவிழும் கூம்பில்தான் இருக்கிறது.

எனவே, புறப்படுவதற்கு முன்பே பணி தொடங்குகிறது. முதலில், பழக்கமான பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்ற வேண்டும். எந்தக் கம்பி சிவப்பு முனைக்கு உரியது, எது கறுப்பு முனைக்கு உரியது என்று குறித்து வைப்பது நல்லது. ஒரு பெட்டியில் மட்டும் அவை இடம்மாறினால், தாழ்ந்த ஒலிகள் வலுவிழந்துவிடும்.

அடுத்து, கூம்பின் மேல் படாதவாறு முன்பக்கத்தைத் தடித்த அட்டையால் மறைக்க வேண்டும். அதன்மேல் போர்வையைச் சுற்றிக் கட்டலாம். ஒட்டுநாடாவை மரத்தின் மீது நேரடியாக ஒட்டினால், உரிக்கும்போது மெருகும் உரிந்துவிடும். மின்தூக்கியின் அகலத்தை முன்கூட்டியே அளந்துகொள்வதும் நன்று. தூக்கும்போது இருவர் சேர்ந்து, முழங்காலை மடக்கி, பெட்டியின் அடியைப் பற்ற வேண்டும். முன்பக்கத்தில் கைவைக்கக் கூடாது.

பிரிக்பீல்ட்சிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளானை அடைய, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நெரிசலில் லாரி அடிக்கடி நின்று நின்று செல்லும். ஆகையால், ஒலிபெருக்கிகளை லாரியின் முன்சுவரை ஒட்டி நிமிர்த்தி நிறுத்தி, பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கூம்புள்ள பக்கத்தில் மேசைக்கால் போன்ற கூர்மையான பொருள்கள் இருக்கக் கூடாது, மெத்தை இருக்கலாம். நிமிர்த்தி வைக்க இயலாவிட்டால் முதுகுப்பக்கமாகப் படுக்க வைக்கலாம். முகம் குப்புற ஒருபோதும் வைக்கக் கூடாது. பிற்பகல் மழைக்கு முன் காலையிலேயே புறப்படுவது பாதுகாப்பானது.

புதிய வீட்டில் கம்பிகளைப் பழையபடியே இணைத்து, அதே பாடலைக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிட வேண்டும். கரகரப்பு கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். தெளிவாக ஒலித்தால் மெல்ல மெல்ல ஒலியைக் கூட்டலாம்.

பிரிக்பீல்ட்சில் கேட்ட அதே குரல் கிள்ளான் வீட்டிலும் கேட்கும்போது, தாத்தாவின் முகம் மலரும். பெட்டியைச் சுமந்த பேரனுக்கும் அப்போதுதான் அவரது அச்சம் புரியும். பதறாத காரியம் சிதறாது.