குவின் ஸ்திரீட்டில் தாத்தாவைத் தேடி

திருப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குடும்பத்துக்குப் பினாங்கு என்றால் ஒரு தபால் உறைதான். 1941 நவம்பர் முத்திரை. உள்ளே அரைப் பக்கக் கடிதம். தொங்கானில் (சரக்குப் படகில்) வேலை கடுமை, பணம் அனுப்பியிருக்கிறேன், பையனைப் படிப்பை விட்டு நிறுத்திவிடாதே. உறையின் மேல் ஜார்ஜ் டவுன், குவின் ஸ்திரீட் முகவரி. அதற்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. இறந்த நாள் தெரியாததால் தாத்தாவுக்குத் திதியும் கொடுக்கவில்லை.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியையான பேத்தி, அந்த உறையின் நகலோடு பினாங்கில் வந்து இறங்கினார்.

அமெரிக்கா போன நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் கொஞ்சம் சுலபம். 1825-ல் ஸ்டவாங்கரிலிருந்து முதல் கப்பல் கிளம்பிய பிறகு, நூறு ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் அந்த நாட்டிலிருந்து போனார்கள். ஊரை விட்டுப் போகிறவரின் பெயரைத் தேவாலயப் பதிவேட்டில் குறித்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க்கில் இறங்கியவர்களை எல்லிஸ் தீவில் மறுபடி குறித்தார்கள். தமிழர்களிலும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு எண், தகப்பன் பெயர், ஊர், சாதி, கப்பல் என்று பதிவு இருக்கிறது. மலாயாவுக்குப் போனவர்களுக்கு அப்படித் தொடர்ச்சியான பெயர்ப் பதிவு வாய்க்கவில்லை. 1907-ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு பெற்றுக் கங்காணியோடு போனவர்கள் கணக்கிலாவது வந்தார்கள். சொந்தக் காசில் சீட்டு வாங்கியவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோனார்கள். தாத்தா அந்த ரகம்.

அவர் ஏறியது 'ரஜூலா' என்று வீட்டில் சொல்வார்கள். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஒரு தலைமுறைக்கு மேல் போய்வந்துகொண்டிருந்தது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் படகில் போய் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி வங்கக் கடலைத் தாண்டினால், பினாங்குக்கு முன்னால் ஜெரஜாக் தீவு. அம்மை, காலரா பயத்தில் தளப் பயணிகளை அங்கே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள்.

குவின் ஸ்திரீட்டுக்கு இன்று பெயர்ப்பலகையில் லெபோ குவீன். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் கோபுரம் அந்தத் தெருவைப் பார்த்து நிற்கிறது. சுற்றிலும் பூக்கடை, நகைக்கடை, இட்லிக்கடை. கொஞ்ச தூரத்தில், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மைதீன் தலைமையில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள். ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் பழைய கடைவீடுகளுக்குப் புது வண்ணம் வந்தது, வாடகையும் ஏறியது. தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். உறையில் இருந்த எண்ணில் இப்போது ஒரு துணிக்கடை.

கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த எண்பது வயதுக்காரரிடம் ஆசிரியை உறையைக் காட்டினார். அவருடைய அப்பாவும் தொங்கான்காரர்.

"ஒரு வீட்டுல முப்பது நாப்பது பேரும்மா. படுக்க எடம் மொற வச்சுத்தான். எங்கப்பா தோள்பட்டைய நீங்க பாத்துருக்கணும், காளை மாட்டுத் திமில் மாதிரி காச்சுப் போயிருக்கும்."

பெரிய கப்பல்கள் பல நடுநீரிலேயே நிற்கும். ரங்கூன் அரிசி மூட்டை தொங்கானில் இறங்கிக் கரைக்கு வரும்; ஈயப் பாளமும் ரப்பர் கட்டும் கரையிலிருந்து ஒரு பலகை வழியாகத் தோளில் தொங்கானுக்கு ஏறும். பலகை ஆடும். மழைநாளில் வழுக்கும். பினாங்கின் செல்வத்தில் ஒரு நல்ல பங்கு இந்தத் தோள்கள்மேல் ஏறி வந்தது என்பதைச் சுற்றுலாப் பலகைகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு அவர்கள்மேலேயே விழுந்தது. சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் குடும்பங்களை இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். 19-ஆம் தேதி ஜப்பான் படை உள்ளே வந்தது. ஊருக்குத் தபாலும் நின்றது. கடிதம் நின்றதற்குக் காரணம் அதுவரை புரிந்தது. 1945-க்குப் பிறகு ஏன் வரவில்லை?

பெரியவர் யோசித்துவிட்டு, "திருப்பூண்டி ஆளுங்க சண்டைக்கப்பறம் பட்டர்வொர்த் பக்கம் போயிட்டாங்க" என்று சொல்லி ஒரு கைபேசி எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனால் பட்டர்வொர்த். அந்த எண்ணுக்குரிய வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சாமி அறையில் படமில்லாமல் ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். என்ன சாமி என்று கேட்டதற்கு அவர் சொன்ன பெயர், திருப்பூண்டிக்குப் பக்கத்து வயல்வெளியில் இருக்கும் ஆசிரியையின் குலதெய்வத்தின் பெயர். பிறகு பீரோவிலிருந்து ஒரு அடையாள அட்டை வந்தது. மலாயா அவசரகாலத்தில், 1948-லிருந்து ஊரெங்கும் கொடுத்த காகித அட்டை. மடிப்பு விட்டுப்போயிருந்தது. புகைப்படம், கட்டைவிரல் ரேகை, பெயர். எழுத்துக்கூட்டு உறையில் இருந்ததுபோல் இல்லை, ஆள் அவர்தான்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். தாத்தாவும் போனார். பிழைத்து வந்தார், மூட்டை தூக்கத் தெம்பில்லாமல். அங்கே புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

"ஊருல ஒரு குடும்பம் இருக்குன்னு அப்பா சொல்லிருக்காரு. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு அழுவாரு" என்றார் அந்த அம்மா. ஆசிரியைக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் தாலியோடு காத்திருந்த பாட்டிக்கு இந்தப் பதில் போதாது. அதை அவர் மறைக்கவில்லை. அந்த அம்மாவும் எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் எழுந்துபோய்ச் சோறு போட்டார். சாப்பிடும்போதுதான் ஆசிரியை முதல் தடவையாக "அத்தை" என்று கூப்பிட்டார்.

கிளம்புமுன் அவர் கேட்டது ஒன்றுதான். அத்தைக்கு அது மனப்பாடம்: ஆடி மாதம், தேய்பிறை ஏகாதசி. அங்கிருந்தே ஊருக்குப் பேசினார்.

"தம்பி, திதி கெடச்சிருச்சு. கோடியக்கரையில ஐயர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிரு. அத்தையும் வர்றாங்க."

அத்தையின் மகன் அதற்குள் திருச்சி விமானத்துக்கு டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியிருந்தார்.