நாலு விதைப் பழம்

திராட்சை வெட்டு நடக்கும் நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை மடியில் பொறுக்கிக்கொண்டு வரப்பில் வட்டமாக உட்காருவோம். ஒரு பழத்தை எடுத்துக் காட்டி, உள்ளே எத்தனை விதை என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு வாயில் போட்டுச் சப்பி, விதைகளை உள்ளங்கையில் துப்பி எண்ண வேண்டும். சொன்னது சரியாக இருந்தால் எதிராளி மடியிலிருந்து ஒரு பழம் நமக்கு.

முதலில் குருட்டாம்போக்கில்தான் சொன்னோம். சீக்கிரமே சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. பருத்த பழம் என்றால் மூன்றோ நாலோ. நடுத்தரம் என்றால் இரண்டு. கொத்தின் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் சிறுசு என்றால் ஒன்று. மிளகு அளவிலேயே நின்றுபோன பச்சைப் பொடிக்காயைக் கடித்தால் விதையே இருக்காது. நாலுக்கு மேல் ஒருநாளும் யாருக்கும் கிடைத்ததில்லை. என் தம்பி ஐந்து விதைப் பழத்துக்காகப் பந்தல் பந்தலாக அலைந்திருக்கிறான்.

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரளத்து மலை, நடுவே முல்லைப்பெரியாற்றுப் பாசனம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் படரவிட்ட பன்னீர்த் திராட்சை. நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரின் தனிச்சிறப்பு, வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருப்பது. கவாத்து செய்த நாலு மாதத்தில் பழம். கணக்காகப் பார்த்தால் இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல் எடுத்துவிடுவார்கள்.

அந்த விதைக் கணக்கின் காரணத்தைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போன பிறகுதான் அறிந்தேன். திராட்சைப் பூவின் சூலகத்தில் இரண்டு அறை, அறைக்கு இரண்டு சூல். ஆக நாலு விதைதான் உச்சம். மகரந்தம் சேர்ந்து சூல் விதையாகத் திரளத் தொடங்கியதும், அது ஆக்சின், ஜிப்ரலின் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. சுற்றியிருக்கும் சதையின் செல்கள் பெருகுவதும் விரிவதும் அவற்றால்தான். விதை கூடக் கூடப் பழம் பருக்கிறது. பொடிக்காயின் உள்ளே அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை, அதனால் அப்படியே நின்றுவிடுகிறது. வரப்பில் உட்கார்ந்து நாங்கள் எண்ணியது ஹார்மோன் கணக்கைத்தான் என்று தெரிந்த அன்று, வகுப்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விதையே இல்லாத திராட்சை எப்படிப் பருக்கும்? அதை நான் பார்த்தது சித்தி வீட்டில், ஓடைப்பட்டியில். அங்கே சீட்லெஸ் திராட்சைதான் பேர்போனது. ஒரு அரையாண்டு லீவில் போயிருந்தபோது, காய் மிளகுப் பருவத்தில் இருந்தது. சித்தப்பா ஒரு சின்ன பாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பவுடர், ஒரே ஒரு கிராம். தண்ணீரில் நேராகப் போட்டால் எளிதில் கரையாது என்று எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, பவுடரைக் கொட்டி, குச்சியால் கலக்கினார். தெளிந்ததும் 40 லிட்டர் தண்ணீர் இருந்த டிரம்மில் ஊற்றினார். பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு, அவ்வளவுதான் கலவை.

பெண்கள் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கில் மொண்டுகொண்டு பந்தலுக்குள் போனார்கள். தொங்கும் கொத்துக்கு அடியில் மக்கைக் கொண்டுபோய், கொத்து முழுக்க முங்கும் வரை மேலே தூக்கி, இறக்கி, காம்பை லேசாகத் தட்டிச் சொட்டு வடியவிட்டு, அடுத்த கொத்து. ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. நாள் பூராவும் கை தலைக்கு மேல்தான். மருந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கும். ராத்திரி சித்தி கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தாள். தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான்.

“எதுக்கு சித்தப்பா முக்குறாங்க?”

“விதை இல்லைல்ல தாயி. விதை செய்ய வேண்டியத நாம செய்யணும்.”

நூறு பக்கப் பாடத்தின் சாரம் அந்தப் பதிலில் இருந்தது. சீட்லெஸ் வகையில் கருவுறுதல் நடக்கும், விதையும் தொடங்கும். ஆனால் பாதியிலேயே சூம்பிவிடும். சுரப்பும் அதோடு குறைந்துபோகும். வெளியிலிருந்து ஜிப்ரலிக் அமிலம், அதாவது அந்தப் பாக்கெட்டில் இருந்த ஜிப்ரலின், கொடுக்காவிட்டால் பழம் உலர்திராட்சைக்குத்தான் ஆகும். கொடுத்தால் பருக்கும், நீளும். சந்தைக்காரர்கள் கேட்பது அந்த நீளத்தைத்தான்.

இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட இடம் திராட்சைத் தோட்டமே அல்ல, நெல் வயல். நாற்று வெளிறி, அளவுக்கு மீறி உயர்ந்து, கடைசியில் சாய்ந்துபோகிற ஒரு நோய். பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒன்றுதான் நாற்றை இப்படி இழுத்துவிடுகிறது என்று 1926இல் காட்டியவர் குரோசாவா என்ற ஜப்பானியர். தைவானில் வேலை பார்த்தவர். 1935இல் யபுதா என்பவர் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். அந்தப் பூஞ்சையின் அன்றைய பெயர் ஜிப்ரெல்லா. செடிகளுமே அதைச் சுரக்கின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் வீவர் என்பவர் சீட்லெஸ் திராட்சைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அங்கே பழம் பருக்க வேண்டுமென்றால் கொடியின் அடித்தண்டில் பட்டையை வளையமாக உரித்துவிடுவார்களாம். பிறகு ஜிப்ரலின் ஓடைப்பட்டி டிரம் வரைக்கும் வந்துவிட்டது.

அளவு மீறினால் இது கெடுதல். சித்தி வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழம் இன்னும் பெருக்கட்டும் என்று இரட்டிப்பு மருந்து போட்டார். பழம் பெருத்தது. கூடவே கொத்தின் காம்பும் விறகுபோல் தடித்து விறைத்துவிட்டது. லாரியில் போய் இறங்கியபோது பெட்டிக்குப் பெட்டி பாதிப் பழம் காம்பை விட்டு உதிர்ந்து கிடந்ததாம்.

‘ஹார்மோன் போட்ட பழமாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா’ என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கொடுக்கலாம். ஜிப்ரலின் செடியின் சொந்தச் சரக்கு. நம் உடம்பில் அது ஹார்மோனாக வேலை செய்வதில்லை. நாலு விதைப் பன்னீர்ப் பழத்துக்குள் அது இயல்பாகவே சுரந்துதான் பழம் அப்படி ஆனது. எனக்குள்ள கவலை வேறு. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிக்கும் வெட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை எல்லோரும் விடுகிறார்களா என்பதுதான் அது. கேட்பதானால் அதைக் கேளுங்கள். கழுவித் தின்னுங்கள்.

அப்பத்தாவுக்குத் திராட்சைமேல் மரியாதை கிடையாது. வாழைதான் அவளுக்குப் பயிர். வெட்டிய வாழைத்தாரை அறையில் அடுக்கி, வாசலைச் சாக்கால் மூடி, சட்டியில் வரட்டியும் சருகும் போட்டுப் புகைமூட்டம் போடுவாள். மூட்டம் பிரித்தால் தார் மஞ்சளாகியிருக்கும். ஒருமுறை, கொடியிலிருந்து ஒடிந்து விழுந்த செங்காய்க் கொத்துகளை நான் அந்த அறையில் ரகசியமாக வைத்தேன். வாழை பழுத்தது. திராட்சை வாடி, காம்பு சுருங்கி, அதே புளிப்போடு கிடந்தது. “கொடியில பழுக்காதது குழியில பழுக்காது” என்று அப்பத்தா சிரித்தாள்.

புகையில் எத்திலீன் இருக்கிறது. வாழையைப் பழுக்கச் சொல்வது அது. திராட்சை பறித்த பிறகு இனிப்பேறாத இனம். அது பழுப்பதில் முன்னே நிற்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். காயாக இருக்கும்வரை ஆக்சின் பழுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். விதை முற்றும்போது ஆக்சின் இறங்கும், அப்சிசிக் அமிலம் ஏறும். கல்லாக இருந்த காய் ஓரிரு நாளில் மெதுவாகி, சர்க்கரை ஏறி, ஊதா ஓடும். பன்னீர்த் திராட்சையின் பெரிய தொந்தரவே இது ஒரு கொத்தில் ஒரே சமயத்தில் நடக்காமல் இருப்பது. கருத்த கொத்துக்குள் நாலைந்து பச்சை துருத்திக்கொண்டு நிற்கும். விதை அதிகமுள்ள பழம் பெரும்பாலும் பிந்தித்தான் நிறம் மாறுகிறது என்று ஆய்வுகளில் படித்தேன். எங்கள் விளையாட்டில் நாலு விதைப் பழத்தில் எப்போதும் ஒரு புளிப்புச் சாயல் இருந்தது நினைவுக்கு வருகிறது.

கவாத்துக்கு வருகிறவரைக் கவாத்து மாமா என்றே கூப்பிடுவோம். கத்தரியை எடுத்தால் வாயில் பேச்சு வராது. குச்சிக்கு நாலு கண் விட்டு, ஐந்தாவதற்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. ஒரு நாளில் பச்சைப் பந்தல் வெறும் குச்சிக்காடாகிவிடும். தண்ணீர் பாய்ச்சியதும் வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் நீர் முட்டிச் சொட்டும். அடியில் நடந்தால் தலை நனையும். “அழுவுது, அழட்டும், வேர் உசுரோட இருக்குன்னு அர்த்தம்” என்பார் மாமா. அந்த நீரில் வேர் தயாரித்த சைட்டோகைனின் என்ற ஹார்மோன் இருக்கிறது. உறங்கும் கண்ணை விழிக்கச் சொல்லி வேர் அனுப்பும் சரக்கு.

ஆனால் எல்லாக் கண்ணும் ஒன்றாக விழிக்காது. நுனிக் கண் முந்திக்கொண்டு தளிர்த்து, ஆக்சினைக் கீழே அனுப்பி, பின்னால் இருப்பவற்றை அமுக்கிவிடும். புதுக்கொடி பந்தல் மட்டத்துக்கு ஏறியதும் அதன் நுனியைக் கிள்ளும் வேலையை அப்பா எனக்குத் தருவார். கிள்ளிய சில நாளில் கீழிருந்து இரண்டு கிளை புறப்படும். ஒன்றைக் கிழக்கே, ஒன்றை மேற்கே கம்பியில் கட்டுவோம்.

கண் ஒன்றாக விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு பூசும் வழக்கமும் எங்கள் பக்கம் வந்தது. அது ஹார்மோன் அல்ல, மொட்டுக்கு அதிர்ச்சி கொடுத்து எழுப்பும் நஞ்சு. பஞ்சில் தொட்டுக் கண் கண்ணாகப் பூசுவார்கள். பூசிய அன்று சாராயம் குடித்த ஒருவர் முகமெல்லாம் ரத்தமாகச் சிவந்து, மூச்சுக்குத் தவித்ததையும், அவரைக் கட்டிலோடு தூக்கிப் போனதையும் பார்த்திருக்கிறேன். குடித்ததை உடம்பு பக்குவமாகச் சிதைக்க விடாமல் அந்த மருந்து தடுத்துவிடுகிறது. வெறுங்கையால் பூசியவர்களில் ஒருவருக்கும் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கையுறையும் இந்த ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் அதை விற்பது குற்றம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சின்ன வயதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது பற்றுச்சுருள்தான். கொடியில் கொத்து வரும் இடமும் சுருள் வரும் இடமும் ஒன்றே, இலைக்கு நேர் எதிரில். சிலசமயம் ஒரே காம்பில் ஒரு கிளை கம்பியைச் சுற்றியிருக்கும், மறு கிளையில் நாலைந்து பூமொட்டு இருக்கும். ‘பாதிக் கொத்து’ என்று அதைப் பிய்த்து அப்பாவிடம் காட்டினால் அவர் முகம் வாடும். கொத்தாக வேண்டியது சுருளாகிப் போனால் அவருக்கு நஷ்டம். நானோ அதை நோட்டில் ஒட்டி வைத்தேன்.

கண்ணுக்குள் முதலில் உருவாகும் திரள் கொத்தாகவும் ஆகலாம், சுருளாகவும் ஆகலாம். ஜிப்ரலின் ஓங்கினால் சுருள், சைட்டோகைனின் ஓங்கினால் கொத்து. 1978இல் சீனிவாசனும் மல்லின்ஸும் தனியே வெட்டியெடுத்த சுருளைச் சோதனைக் குழாயில் வைத்து, சைட்டோகைனின் கொடுத்துப் பூங்கொத்தாகவே மாற்றிக் காட்டினார்கள். 2002இல் பாஸ், தாமஸ் இருவரும் பினோ மூனியே என்ற பிரெஞ்சு வகையிலிருந்து, ஜிப்ரலின் சொல்வதைக் கேட்காத ஒரு குட்டைக் கொடியை வளர்த்தார்கள். அதில் சுருள் வர வேண்டிய இடமெல்லாம் கொத்து.

இதைப் போன வருஷம் அப்பாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சைட்டோகைனின் வேர்லருந்துதான வருதுங்கிற? அப்ப வேருக்கு எரு போட்டுப் பாத்துக்கிட்டா கொத்து வரும். அதத்தான செய்றோம். சரி, கிழக்கு வரிசை மட்டும் ரெண்டு மகசூலா சுருளா அடிக்குதே, அதுக்கு என்ன சொல்ற?”

கண் உருவாகும் நாட்களில் வெளிச்சம் குறைந்தாலும் கொத்து சுருளாகும் என்றேன். அந்த வரிசைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“பக்கத்துத் தோட்டத்துத் தென்னை” என்றார். “நாளைக்கே போய்ப் பேசுறேன். ரெண்டு மட்டையக் கழிக்கச் சொன்னா மாட்டேன்னா சொல்லப்போறாரு.”