அம்மா கழுத்துக் காசும் ரோமாபுரி மகாராணியும்

முருங்கைக்குக் கவாத்து வெட்டுனதைப் பத்தி எழுதிட்டுப் போனவன், ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. இன்னைக்கு வெவசாயம் இல்லீங்க, ஒரு காசைப் பத்தி எழுதறேன். அந்தக் காசால எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு வருசம் பேச்சு இல்லாம போச்சு.

எங்கம்மா கழுத்துல கறுப்புக் கயித்துல ஒரு வெள்ளிக்காசு கிடக்கும். எங்க அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா, கோடையில அமராவதி ஆத்துல ஊத்துத் தோண்டும்போது மணல்ல கிடைச்சதாம். ஆசாரிகிட்டக் குடுத்து கொக்கி வச்சு, கல்யாணத்துக்கு அம்மாவுக்குப் போட்டு விட்டாரு. காசுல ஒரு பொம்பள உக்காந்திருக்கும். அம்மா அதை மாரியாத்தான்னு சொல்லி, வெள்ளிக்கிழமை ஆனா புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவும்.

அம்மா போனதுக்கப்பறம் காசு எங்க வீட்டுப் பீரோவுல இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து தம்பி போர் போட்டு, தொள்ளாயிரம் அடி போயும் புகைதான் வந்துச்சு. கடன் கழுத்தை நெரிக்குது. அப்ப ஒரு பழைய சாமான் புரோக்கர் வந்து காசைப் பார்த்துட்டு, "இது ரோமாபுரி ராணி காசுங்க, ராணி போட்ட காசு ரொம்ப அபூர்வம், அஞ்சு லட்சம் போகும்"னு சொல்லிட்டுப் போயிட்டான். தம்பி அன்னைக்குச் சாயந்திரமே வந்தான்.

"அண்ணா, வித்துடலாம். பாதி குடு, போதும்."

"அம்மா கழுத்துல கிடந்ததுடா. விக்கறதுக்கில்ல"ன்னு சொல்லிட்டேன்.

அவன் ஒண்ணும் பேசல. அதுக்கப்பறம் வரப்புத் தாண்டி வரவே இல்ல. நான் ரகசியமா வித்து அஞ்சு லட்சத்தையும் அமுக்கிட்டேன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துச்சு. காது குடுத்துக் கேக்க முடியலீங்க.

போன தை மாசம் தம்பி பொண்ணு வந்தா. கரூர்ல காலேஜ் படிக்கறா. "பெரியப்பா, அந்தக் காசைக் காட்டுங்க, என்னதான்னு பார்த்துடலாம்"னா. ரெண்டு நாள் போனையும் பூதக்கண்ணாடியையும் வச்சுக்கிட்டு உக்காந்தோம். அப்பறம் கரூர் அருங்காட்சியகத்துல இருக்கற ஒரு சார்கிட்டயும் கேட்டோம். பத்தாவது படிச்ச எனக்கே புரிஞ்சுச்சு, உங்களுக்கும் புரியும். கேளுங்க.

முதல்ல பார்க்க வேண்டியது, பொம்பள எந்தப் பக்கம் இருக்கான்னு. மகாராணி பேருல அடிச்ச காசுன்னா, தலை இருக்கற பக்கத்துலயே அவங்க முகமும் சுத்தி அவங்க பேரும் இருக்கும். பின்பக்கம் முழு உடம்போட நின்னுக்கிட்டோ உக்காந்துக்கிட்டோ பொம்பள இருந்தா, அது பெரும்பாலும் தெய்வம்.

ரெண்டாவது எழுத்து. அவங்க 'யு' எழுத்தை 'வி' மாதிரி போடுவாங்க. 'அகஸ்டா'ன்னு இருந்தா மகாராணிப் பட்டம். 'திவா'ன்னு இருந்தா அந்தம்மா செத்து, சாமியாக்கின பிறகு அடிச்ச காசு. அந்தோனினஸ் பயஸ்னு ஒரு ராஜா, 138ல இருந்து 161 வரைக்கும் ஆண்டவரு. அவரு சம்சாரம் ஃபாஸ்டினா இறந்த பிறகு, 'திவா ஃபாஸ்டினா'ன்னு ஏகப்பட்ட காசு அடிச்சாரு.

மூணாவது தலை முடி. அந்தம்மா மக பேரும் ஃபாஸ்டினாதான். ரெண்டு பேரையும் எப்படிப் பிரிக்கறது? அம்மாவுக்குக் கொண்டை உச்சந்தலையில, மகளுக்குப் பின்னந்தலையில. எங்க ஊர்லயும் கொண்டையைப் பார்த்தே எந்த வீட்டுப் பாட்டின்னு தூரத்துல இருந்து சொல்லலாம்.

நாலாவது வருசம். ராஜா காசுல அவரோட பதவி எத்தனாவது வருசம்னு பல தடவை எண்ணே இருக்கும். மகாராணி காசுல அது இருக்காது. அதனால பட்டத்தை வச்சுத்தான் காலம் கணக்குப் போடணும். ஜூலியா டோம்னான்னு ஒருத்தி. புருசன் செவெரஸ் காலத்துல 'ஜூலியா அகஸ்டா'ன்னு இருக்கும். 211ல அவரு செத்து மகன் காரகல்லா ஆண்டப்ப 'ஜூலியா பியா ஃபெலிக்ஸ்'னு மாறிடும். இந்த ஒரு மாத்தத்தை வச்சே, காசு 211க்கு முன்னயா பின்னயான்னு சொல்லிடலாம். இன்னொரு அடையாளம், மூணாம் நூற்றாண்டுப் பெரிய வெள்ளிக்காசுல ராஜா தலையில சூரியக்கதிர் மாதிரி கிரீடம் இருக்கும், ராணியோ பிறை நிலா மேல உக்காந்த மாதிரி இருப்பா.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எங்க காசைத் திருப்பினோம். ஆசாரி பொம்பள பக்கத்தை வெளிய வச்சுக் கொக்கி போட்டிருந்ததால, மறுபக்கத்தை யாரும் சரியாப் பார்த்ததே இல்ல. அங்க ஒரு ஆம்பள தலை, இலைமாலை கட்டியிருக்கு. எழுத்துல பாதி அம்மா போட்ட புளியில தேய்ஞ்சு போச்சு. மிச்சம் இருந்ததைப் பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிச்சா. திபேரியஸ் சீசர். 14ல இருந்து 37 வரைக்கும் ஆண்ட ராஜா. பொம்பள பக்கத்துல 'பொன்டிஃப் மேக்சிம்'. தலைமைப் பூசாரின்னு அர்த்தமாம், அதுவும் அந்தாளோட பட்டம்தான்.

அப்ப உக்காந்திருக்கறது யாரு? வலது கையில கோல், இடது கையில கிளை. பேரு போடல. சமாதான தேவதைன்னும் சொல்றாங்க, திபேரியஸோட அம்மா லிவியாவைத்தான் அப்படிக் காட்டியிருக்குன்னும் பல பேரு சொல்றாங்க. லிவியா அகஸ்டஸ் ராஜாவோட சம்சாரம், 29ல 86 வயசுல செத்தாங்க. ஆண்டு எதுவும் போடல, இருபது வருசத்துக்கு மேல இதே அச்சு மாதிரிதான் ஓடியிருக்கு. நாற்காலிக் கால் வெறும் காலா, வேலைப்பாடு செஞ்ச காலான்னு பார்த்துத்தான் முன்னபின்ன பிரிப்பாங்களாம். எங்களது வேலைப்பாட்டுக் கால்.

"இது அபூர்வமாங்க சார்?"னு கேட்டேன். சிரிச்சாரு. "கொங்கு நாட்டுல அதிகமாக் கிடைக்கறதே அகஸ்டஸ், திபேரியஸ் காசுதாங்க. மிளகுக்கும் நம்ம படியூர்ப் பச்சைக்கல்லுக்கும் கொட்டிட்டுப் போனது. 64ல நீரோ வெள்ளியைக் குறைச்ச பிறகு, நம்ம ஆளுங்க பழைய காசையே நம்பி வாங்கினாங்க"ன்னாரு. தேய்மானம், கொக்கி எல்லாம் பார்த்தா லட்சம் பக்கத்துலயே வராதாம்.

இன்னொண்ணும் சொன்னாரு. மண்ணுல கிடைச்ச பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா, கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்காம். அப்புச்சிக்கு அது எங்க தெரியும்?

அன்னைக்கு ராத்திரி நானே வரப்புத் தாண்டித் தம்பி வீட்டுக்குப் போனேன். காசை அவன் கையில வச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பறம் ஒண்ணு கேட்டான்.

"நெசமாவே அஞ்சு லட்சம்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பியா, அண்ணா?"

பதில் வரலீங்க. அம்மா காசு, விக்கக் கூடாதுன்னு வாயில சொன்னேனே ஒழிய, நாளைக்கு என் போரும் வத்துனா உதவும்கற நினைப்பும் மனசுக்குள்ள ஒரு மூலையில இருந்துச்சு. அதை அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன். அவனும், ஊருக்குள்ள பேச்சைக் கிளப்பினது தான்தான்னு ஒத்துக்கிட்டான். அவன் சம்சாரம் ரெண்டு பேருக்கும் சோளச்சோறு போட்டுச்சு.

திங்கக்கிழமை ரெண்டு பேரும் காசை எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். அவங்க சொல்றபடி செய்யலாம்னு இருக்கோம். போர்க்கடன் அப்படியேதான் இருக்கு. இந்த வருச முருங்கைப் பணத்துல கொஞ்சம் அடைக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

உங்க காட்டுலயும் உழும்போது ஏதாச்சும் காசு கிடைச்சா, புளி போட்டுத் தேய்க்காதீங்க. ரெண்டு பக்கமும் பாருங்க. புரோக்கர் பேச்சை நம்பி அண்ணன் தம்பி அடிச்சுக்காதீங்க.