கைக்கு அளவெடுத்தீங்களா?

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை முழுசா நிரப்பி, ஒரே கையில பிடிச்சு, முழங்கையை மடக்காம தோள் உயரத்துக்கு நீட்டுங்க. இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும். இப்போ மனசுக்குள்ள பதினைந்து வரைக்கும் எண்ணுங்க.

என்ன... பாட்டில் டான்ஸ் ஆடுதா? ஆடும். எனக்கும் ஆடுச்சு. அந்த ஆட்டத்தோடயே 25 மீட்டர் தள்ளி இருக்கிற, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள்ள தோட்டாவை அனுப்பணும். அப்புறம் இன்னொண்ணு. இப்படியே 30 தடவை. அது முடிஞ்சதும் வேகமாகச் சுடும் ரவுண்டு இன்னொரு 30. இதுதாங்க நான் கட்டிக்கிட்டு அழுற விளையாட்டு. பெயர், 25 மீட்டர் பிஸ்டல்!

நான் ஒரு டெய்லர் வீட்டுப் பொண்ணு. பி.காம் முதல் வருஷத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தேன். கேம்ப்பில் .22 ரைஃபிளைக் கொடுத்து, தரையில் படுக்க வைத்துச் சுடச் சொன்னார்கள். அங்கே பிடித்த பித்து, எங்க ஊர் ரைஃபிள் கிளப் வாசலில் கொண்டு போய் நிறுத்தியது. ஒரு வருஷம் ஏர் பிஸ்டல். கை ஓரளவுக்கு நின்ற பிறகுதான் கோச் சார் கிளப்போட .22 பிஸ்டலைக் கொடுத்தார். பழைய ஜெர்மன் மாடல், வால்தர் ஜி.எஸ்.பி.

'செமி ஆட்டோமேட்டிக்'னு சொன்னதுமே காலேஜில் ஒரே பில்டப். "படபடன்னு சுடுவியா மச்சி?"ன்னு கேட்டாங்க. ஸாரி மக்களே, அது சினிமா! இதில் ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டாதான். தோட்டா வெடிக்கும்போது வரும் அழுத்தம் போல்ட்டைப் பின்னால் தள்ளும். அது போற போக்கில் காலிக் கூட்டை வெளியே துப்பிவிடும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது, மேகஸினில் இருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். ஏத்துற வேலை மட்டும்தான் ஆட்டோமேட்டிக். சுடுற வேலை நம்மளோடது.

இது எதுக்குன்னா, அந்த வேகமான ரவுண்டுக்காக. குறி 3 விநாடி நமக்குக் காட்டும், 7 விநாடி மறையும். அந்த 7 விநாடியும் கை 45 டிகிரி கீழே இருக்கணும். குறி தெரிந்ததும் கையைத் தூக்கி, ஒரே ஒரு ஷாட். இப்படி ஐந்து தடவை. இடையில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆண்கள் ரேபிட் ஃபயரில் இன்னும் கொடுமை. ஐந்து குறிகளுக்கு ஐந்து ஷாட், கடைசிக் கட்டத்தில் 4 விநாடிக்குள்! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அதே ஈவென்ட்தான்.

சரி, என் கதைக்கு வர்றேன். மூன்றாம் வருஷம் என் ஸ்கோர் 600-க்கு 540 பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன பண்ணினாலும் நகர மாட்டேங்குது. குண்டெல்லாம் இடது பக்கம், எட்டாம் வளையத்திலேயே கூட்டமாகப் போய் விழும். நான் கண்டுபிடித்த காரணம்? 'கிளப் துப்பாக்கி பழசு!'

அதே நேரம் பார்த்து, போட்டியை விட்டு விலகப் போன ஒரு சீனியர் அண்ணா தன்னோட இத்தாலி பிஸ்டலைக் கொடுக்க ரெடியாக இருந்தார். பர்தினி! எங்க வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு மரியாதை. விலை? எங்க அப்பா கடையோட ஒரு வருஷ வருமானம். சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "சீட்டை எடுத்துடலாம் பாப்பா. மீதிக்கு அம்மா வளையல் இருக்கு"ன்னார்.

அந்தச் சீட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். சந்துக்குள்ள இருக்கிற கடையை மெயின் ரோட்டுக்கு மாத்துறதுக்கான அட்வான்ஸ் அது. மூணு வருஷமா கட்டின காசு. தெரிஞ்சும் நான் "வேணாம்பா"ன்னு சொல்லலை. இன்னைக்கும் உறுத்துற விஷயம் அதுதான்.

கோச் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஒரு மாசம் எதுவும் வாங்காதம்மா. கிடைக்கிற பிஸ்டலை எல்லாம் கையில பிடிச்சுப் பாரு. அப்புறம் பேசலாம்"னார். அந்த மாசம் நான் கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

டிரிகர்: எங்க ஈவென்ட்டில் டிரிகரோட எடை குறைஞ்சது 1000 கிராம் இருக்கணும். ஏர் பிஸ்டலுக்கு 500 போதும். போட்டிக்கு முன்னாடி எடைக்கல்லைத் தொங்கவிட்டு செக் பண்ணுவாங்க. ஆனா எடை மட்டும் விஷயமில்லை. எந்த இடத்தில் விடுபடுதுன்னு விரலுக்குத் தெரியணும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விடுபடணும்.

கனம்: பிஸ்டல் 1 கிலோ 400 கிராமைத் தாண்டக் கூடாது. 30-க்கு 15-க்கு 5 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கணும். முன்பக்கம் கனமா இருந்தால் ஆட்டம் குறையும். ஆனா நாற்பதாவது ஷாட்டில் தோள் கெஞ்சும். கடையில் அஞ்சு நிமிஷம் தூக்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணக் கூடாது.

தோட்டா: ஒரு பிஸ்டலுக்குப் பிடிக்கிற தோட்டா இன்னொண்ணுக்குப் பிடிக்காது. செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு சிக்கல், காலிக் கூடு ஒழுங்கா வெளியே வராம மாட்டிக்கும். அதனால, நமக்குத் தொடர்ந்து கிடைக்கப் போற தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்.

ஸ்பேர்: 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கா? மனு பாக்கரோட ஏர் பிஸ்டலில் லீவர் போட்டி நடுவிலேயே உடைந்தது. சரிசெய்வதற்குள் பொன்னான நிமிஷங்கள் போய்விட்டன. 575 அடித்தும் பன்னிரண்டாவது இடம், ஃபைனல் இல்லை. உலகத் தரமான பிஸ்டலுக்கே அந்தக் கதின்னா நமக்கு? உடைஞ்சா உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் சரிபண்ணுவாங்கன்னு கேட்காம காசை நீட்டாதீங்க. (அதே மனு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். இதே 25 மீட்டர் பிஸ்டலில் நாலாவது இடம். கண்ணீரைத் துடைச்சுட்டுத் திரும்பி வந்த கதை அது!)

சட்டம்: .177 அளவில், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22 அப்படி இல்லை. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும். எனக்கு அப்போ 21 முடிய இன்னும் நாலு மாசம் இருந்தது. அதுக்குள்ள சீட்டை எடுக்கச் சொல்லத் துடிச்சிருக்கேன்!

இவ்வளவு கத்துக்கிட்டேனே, முக்கியமான ஒண்ணை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத எங்க அப்பா!

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பொருளைப் பார்க்கணும்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வந்தார். கழுத்தில் வழக்கம்போல இஞ்ச் டேப். கடையிலிருந்து அப்படியே வந்துட்டார், எனக்கு ஒரே வெட்கம். நான் சுடுவதை அரை மணி நேரம் பின்னாடி உட்கார்ந்து பார்த்தார். குறியைப் பார்க்கவே இல்லை. என் கையையே பார்த்தார். அப்புறம் கோச் சாரிடம் போய், "சார், இந்தக் கட்டைப் பிடி யார் கைக்கு அளவெடுத்துச் செஞ்சது?"ன்னு கேட்டார்.

சார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிஸ்டலைக் காலி பண்ணி, சேஃப்டி ஃபிளாக்கைச் சொருகி, குறியைப் பார்த்தபடி என்னை நிற்கச் சொன்னார். "கண்ணை மூடு. கையைத் தூக்கு. வசதியா இருக்கிற இடத்துல நிறுத்து. இப்போ திற."

திறந்தேன். முன் சைட், பின் சைட்டோட பள்ளத்துக்கு நடுவில் இல்லை. ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மூணு தடவை செய்தேன், மூணு தடவையும் அதே கதை. அதாவது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் என் மணிக்கட்டை நானே தெரியாமல் வளைத்து நேராக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பிடி பெரிய கைக்கானது. என்னோடது சின்னக் கை. விரல் நுனி மட்டும்தான் டிரிகருக்கு எட்டும். நேராகப் பின்னால் இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறேன். எட்டாம் வளையத்து இடது பக்க ரகசியம் அதுதான்!

"அந்த இத்தாலி பிஸ்டலையும் இப்படிப் பாருங்க சார்"னார் அப்பா. சீனியர் அண்ணா கொடுத்தார். கண்ணை மூடினேன், தூக்கினேன், திறந்தேன். அதுவும் ஓரமாகத்தான் நின்றது. அண்ணாவோட கை என் கையை விடப் பெருசு. அவர் கைக்கு அது தங்கம், எனக்கு இன்னொரு தப்பான அளவு!

அப்பா சொன்னார்: "முப்பத்தெட்டு சைஸுக்காரனுக்கு நாற்பத்திரண்டு போட்டுவிட்டா தோள் தொங்கத்தான் செய்யும். துணி பட்டாயிருந்தா மட்டும் தொங்காதா?"

இந்த வகை போட்டி பிஸ்டல்களில் பெரும்பாலும் மேகஸின் பிடிக்குள் இருக்காது, டிரிகருக்கு முன்னாடி இருக்கும். அதனால்தான் பிடியைக் கை வடிவத்துக்கே செதுக்க முடிகிறது. சின்னது, நடுத்தரம், பெருசுன்னு அளவு இருக்கு. வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி. கழட்டி மாட்டிக்கலாம். இத்தனை நாள் கண்ணெதிரே இருந்த விஷயம்!

நாங்கள் வாங்கியது அந்தக் கட்டைப் பிடி மட்டும்தான். சின்ன சைஸ். பர்தினி விலையில் ஒரு துளி. இடுக்கு இருந்த இடத்தில் மரத்துக்கு வைக்கும் பட்டியை வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு அப்பாவே தேய்த்துக் கொடுத்தார். கிளப் பிஸ்டலில் அதை மாட்டிச் சுட்டேன். முதல் வாரம் ஸ்கோர் இன்னும் குறைந்தது. பழைய வளைசலைக் கை மறக்கணுமே! இரண்டு மாசத்தில் 556. மாநிலப் போட்டியில் மெடல் எல்லாம் இல்லை, ஒன்பதாவது இடம். ஆனா குண்டுகள் நடுவுக்கு வந்துடுச்சு.

அன்னைக்குக் கோச் சார் ஒரு பெயர் சொன்னார். கரோலி தகாச், ஹங்கேரிக்காரர். 1938-ல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து வலது கை போய்விட்டது. அவர் சுடுகிற கை! இடது கையால் முதலிலிருந்து பழகி, 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம். "அவரும் முதல்ல தேடினது புதுத் துப்பாக்கியை இல்லம்மா, புதுக் கையை"ன்னார்.

நான் இன்னும் சொந்த பிஸ்டல் வாங்கலை. வாங்குவேன். இப்போ எம்.காம் படிச்சுக்கிட்டே டியூஷன் எடுத்துச் சேர்த்துட்டு இருக்கேன். எந்த பிஸ்டல்னு கேட்டா, கண்ணை மூடித் தூக்கி, திறந்து பார்க்கும்போது எந்த பிஸ்டலில் இரண்டு சைட்டும் நேரா நிற்குதோ, அது! உங்களில் யாராவது வாங்கப் போறீங்கன்னா நீங்களும் அப்படியே பாருங்க. ரேஞ்சில், காலித் துப்பாக்கியில், கோச் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கடை மெயின் ரோட்டுக்கு வந்தாச்சு. போன வாரம் டியூஷன் காசை எண்ணிட்டு இருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எவ்வளவு குறையுது பாப்பா?"ன்னார்.

இந்தத் தடவை சொல்லிட்டேன்: "வேணாம்பா. நீங்க அளவு மட்டும் எடுத்துக் கொடுங்க."