மரத்துக்கும் ஏர் லாக் ஆகும்!

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

மலருக்கு எழுதித் தரச் சொல்லி யூனியன் நண்பர்கள் வந்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "கவிதை மட்டும் வேணாம்டா சாமி. இருபதுக்கு மேல வந்துடுச்சு. எல்லாத்துலயும் நிலா இருக்கு." எனக்குக் கவிதையும் வராது, நிலாவோடு பழக்கமும் இல்லை. தெரிந்தது பம்ப் ஒன்றுதான். ஆகவே ஒரு பம்பைப் பற்றி எழுதுகிறேன். கரண்ட் வேண்டாம், பிரைமிங் வேண்டாம், சத்தமும் (கிட்டத்தட்ட) இல்லாத பம்ப். நம் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் நிற்கிறதே வேப்பமரம், அதைத்தான் சொல்கிறேன்.

மேலே உட்கார்ந்திருக்கும் பம்ப் எத்தனை உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சும்? வைவாவில் யாரையும் விடாமல் கேட்கும் கேள்வி. காற்றழுத்தம் தள்ளுவது 10.3 மீட்டர்தான், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் வந்தாலே சாமி புண்ணியம். அப்படியானால் கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கிற ரெட்வுட் மரம் உச்சி இலைக்கு எப்படித் தண்ணீர் கொண்டு போகிறது? இதற்கு 1894-லேயே டிக்சன், ஜோலி என்ற இருவர் டப்ளினில் பதில் சொல்லிவிட்டார்கள். மரம் கீழிருந்து தள்ளுவதில்லை, மேலிருந்து இழுக்கிறது. இலையில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியான இடத்துக்கு அடுத்த துளி வரவேண்டும். தண்ணீர்த் துளிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், இலையிலிருந்து வேர்வரை உள்ள தண்ணீர் முழுவதும் ஒரே கயிறு மாதிரி மேலே வருகிறது. கிணற்றில் வாளி இறைக்கிற கணக்குத்தான். இங்கே கயிறே தண்ணீர்!

கயிறு என்றால் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டல்லவா? மண் காயக் காய, மிச்சமிருக்கும் ஈரத்தை மண் இறுக்கிப் பிடிக்கிறது. மரம் இன்னும் பலமாக இழுக்கிறது. ஒரு கட்டத்தில் மரத்தின் குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்து, அந்தக் குழாயில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுகிறது. நாம் படிக்கிற அதே கேவிட்டேஷன். தெருவில் "மோட்டார் ஏர் இழுக்குதுப்பா" என்பார்களே, ஏறக்குறைய அதுதான். பம்பில் கேவிட்டேஷன் வந்தால் ஜல்லி உருளுகிற சத்தம் கேட்கும். 1966-ல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் ஆமணக்குச் செடியில் கருவி பொருத்தி, தண்ணீர்க் கயிறு அறுகிற 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். வாடுகிற செடி சத்தம் போடுகிறது, நம் காதுக்குத்தான் எட்டவில்லை.

மரம் இதற்கு என்ன செய்கிறது? முதலில் வால்வை மூடுகிறது. இலைத் துளைகளை மூடினால் தண்ணீர் போவது குறையும். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வரவேண்டும். மூடினால் சமையல் நின்றுவிடும். சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று காலம் தள்ள வேண்டும். மூடினால் பட்டினி, திறந்தால் ஏர் லாக். தேக்கு மாதிரி மரங்கள் 'இந்த வம்பே வேண்டாம்' என்று கோடைக்கு முன்பே இலை மொத்தத்தையும் உதிர்த்துவிடும். புத்திசாலி மரம்!

இதில் வெயிலும் கூடினால்? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதாவது அதே மழை பெய்தாலும், சூடான காற்று மண்ணையும் இலையையும் முன்பைவிட அதிகமாக உறிஞ்சும். மரங்களுக்கு இதைச் சமாளிக்க ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எவ்வளவு இருக்கிறது? உலகெங்கும் 226 காட்டு மர வகைகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. 70 சதவீத வகைகள் ஏர் லாக் ஆகிற எல்லையை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். வறண்ட காட்டு மரம், மழைக்காட்டு மரம் என்ற வித்தியாசமே இல்லை. மழைக்காட்டு மரத்துக்கு மார்ஜின் நிறைய இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டிசைன் பேப்பரில் இப்படி மார்ஜின் வைத்தால் நமக்கு அரியர்தான்.

சிலபஸில் இல்லாத இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு சண்டை.

திருமுல்லைவாயலில் என் அத்தை வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் தெருவே சாய்ந்தபோதும் ஒரு கிளையோடு தப்பித்த மரம். 2019 உங்களுக்கும் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. நம் ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் வில்லிவாக்கம் போனது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. குடத்தோடு லாரிக்கு நின்ற வயசு. அந்தக் கோடையிலும் அத்தை வீட்டு வேம்பு பச்சையாகவே நின்றது.

பிறகு மழை வந்தது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தே விட்டார்கள். அப்புறம்தான் மரம் பட்டுப்போனது! 2021 பங்குனியில் கொழுந்து வரவில்லை. "காய்ச்சல்ல நின்ன மரம் மழையிலயா சாவும்? அந்த ஆளுதான் ஆசிட் ஊத்திட்டான்" என்று அத்தை பக்கத்து வீட்டு மாமாவைக் கைகாட்டினார். இலை சம்ப்பில் விழுகிறது என்று அவர் எப்போதோ முணுமுணுத்திருந்தார், அது போதாதா? இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மாமா தெருவுக்கு வந்தாலே, 'மரத்தைக் கொன்னவரு' என்று சின்னப் பசங்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மழையில் மரம் சாகுமா என்ற கேள்விக்கு முதுமலையில் பதில் இருந்தது. அங்கே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 1988-லிருந்து 50 ஹெக்டேர் காட்டில் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தேக்கு, கருமருது, வெண்தேக்கு எல்லாம் உள்ள காடு. சின்னச் செடிகளை நெருப்பும் யானையும் முடித்துவிடுகின்றன. பெரிய மரங்களின் கதை வேறு. 19 வருடக் கணக்கைப் பார்த்தபோது, அவற்றின் சாவு மழை குறைந்த வருடத்தோடு ஒட்டி வரவில்லை. இரண்டு மூன்று வருடம் தள்ளி வந்தது.

அதைவிட ஆச்சரியம் 2018-ல் ருதுஜா சித்ரா-தாரக் குழுவினர் வெளியிட்டது. ஆழ வேர் மரம்தான் வறட்சிக்குத் தப்பும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். ஒரு வருட வறட்சிக்கு அது சரி. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் வருடக் கணக்கில் நீடித்த வறட்சியில் அதிகம் அடிபட்டவை ஆழத்துத் தண்ணீரை நம்பிய மரங்கள்தான். மேல்மண் ஒரு மழையில் நனைந்துவிடும். ஆழத்தில் பாறை இடுக்குகளில் இருக்கும் தண்ணீர் பேங்க் டெபாசிட் மாதிரி. எடுத்துவிட்டால் மறுபடி சேரப் பல நல்ல மழைக்காலங்கள் வேண்டும்.

இதை நான் அத்தையிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. 2019-ல் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு போரை இன்னும் ஆழத்துக்கு இறக்கினார்கள். மரத்தின் டெபாசிட்டில் கைவைத்தவர்களில் மாமாவும் உண்டு, அத்தையும் உண்டு. முதுமலையில் போர் கிடையாது, அத்தை வீட்டு வாசல் காடும் கிடையாது, தெரியும். ஆனாலும் ஆசிட்டே ஊற்றாமல் மழைக்குப் பிறகு ஒரு மரம் பட்டுப்போக முடியும் என்ற அளவுக்கு இது போதும்.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்போ அந்த ஆளு ஊத்தலயாடா?" என்று மட்டும் கேட்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு போனது. மாமா அதைக் கழுவி, வெறுமனே தராமல் நாலு எலுமிச்சம்பழம் போட்டுத் திருப்பினார். பேச்சு வார்த்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் இப்போது நம் கேம்பஸ் மரங்களை அளக்க ஆரம்பித்திருக்கிறோம். மொத்தம் 31 மரம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பெயிண்டால் ஒரு கோடு, கோட்டின் மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு, 3.14-ஆல் வகுத்தால் விட்டம். காட்டிலும் இதே உயரத்தில்தான் அளக்கிறார்கள். கேன்டீன் பக்கத்துத் தூங்குமூஞ்சிக்கு மட்டும் ஒரு டேப் பத்தவில்லை. அடுத்த அளவு தை மாதம். நாங்கள் பாஸாகிப் போனபிறகு நோட்டை வாங்கிக்கொள்ள ஜூனியர் யாராவது வேண்டும், எந்தத் துறையானாலும் சரி. சிவில் என்றால் டேப்போடு வரவும்.