ஊதாத் தோல்

பீரோவில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு. சாவியை முழுக்க நுழைத்து, லேசாக மேலே தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். டீச்சருக்கு அது கைப்பழக்கம். உள்ளேயிருந்து இரண்டு நுண்ணோக்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி.

"இப்படித்தான் தூக்கணும். ஒத்தைக் கையால எவனாச்சும் தூக்குனீங்க…"

மிச்சத்தைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்துக்கு நான் நேரத்தோடு வந்துவிட்டதால் ஆய்வகத்தின் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. டீச்சர் நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை வானத்துப் பக்கம் திருப்பினார். "சூரியனுக்கு நேரா வைக்கக் கூடாது. கண்ணு போயிரும்."

வெங்காயம் கொண்டுவந்தது இரட்டை ஜடைப் பெண் ஒருத்தி. மஞ்சள் பையில் ஒரு பிடி சின்ன வெங்காயம். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா பிரியாணிக் கடைக்கு உரிச்சுக் குடுக்குறாங்க. கிலோ கணக்குல கூலி. ராத்திரி நானும் உரிப்பேன்." அவள் கட்டைவிரல் நகத்தடியில் கறை படிந்திருந்தது.

மற்றவர்கள் சவ்வை எடுக்கத் தெரியாமல் சதையோடு பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு செதிலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தாள். ஒடிந்த இடத்தில் கண்ணாடிக் காகிதம் போலச் சவ்வு தொங்கியது. இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பு. ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் சவ்வு, அதன்மேல் சாஃப்ரனின். கொஞ்ச நேரம் பொறுத்து அதிகச் சாயத்தைக் கழுவிவிட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்கினாள். அவசரப்பட்டு இறக்கியவர்களின் ஸ்லைடில் எல்லாம் காற்று.

"டீச்சர், செல் தெரியுது! வட்ட வட்டமா, கறுப்புக் கரை போட்டு!" என்று ஒரு பையன் கத்தினான்.

"அது காத்துக்குமிழிடா. வேற போடு."

அவன் முகம் சுண்டியது. வட்டமாக, தெளிவாக, கண்ணைக் கவர்கிற மாதிரி இருப்பதைத்தான் எல்லோரும் முதலில் செல் என்கிறார்கள். உண்மையான செல் அடக்கமாக இருக்கிறது, செங்கல் சுவர் போல. நீளம் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். உள்ளே ஒரு ஓரமாக உட்கரு, சிவப்புப் பொட்டு. ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் படம் இடப்பக்கம் ஓடுகிறது. அந்தக் குழப்பம் தீரவே ஆளுக்கு இரண்டு நிமிடம் போனது. வரிசை நகர்ந்தது. "புத்தகத்துல இருக்குறத வரையாத, கண்ணுல தெரியுறத வரை" என்று டீச்சர் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தபடி போனார். உட்கரு தெரியாத செல்லிலும் பொட்டு வைத்திருந்தவர்களை அழிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த காலத்தில் இந்த ஒரு வாக்கியத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரட்டை ஜடைப் பெண் கேட்டாள்: "டீச்சர், நம்ம வெங்காயத்துக்கு வெளிப்பக்கம் ஊதாக் கலர் இருக்கே. அதை வெச்சா சாயமே வேணாம்ல?"

டீச்சர் ஒரு நொடி அவளையே பார்த்தார். "எடு."

வெளிப்பக்கத் தோல் லேசில் வராது. பிளேடால் சின்னச் சதுரமாகக் கீறி, அவள் மூன்றாவது முறை எடுத்தாள். வெறும் தண்ணீர் சொட்டில் வைத்தார்கள். பத்துக்குப் பத்து, நூறு மடங்கு. கூப்பிட்டு எனக்கும் காட்டினார்கள். ஒவ்வொரு அறையிலும் சுவர்வரை நிறைந்த ஊதா. அந்த நிறம் செல்லின் நடுவே பெரிதாக இருக்கும் நுண்குமிழியின் நீரில் கரைந்திருக்கிறது என்றார் டீச்சர்.

பிறகு உப்புத் தண்ணீர். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு. எதிர் ஓரத்தில் செய்தித்தாள் துண்டை ஒட்டவைத்ததும் அது உறிஞ்ச, உப்பு நீர் அடியில் ஓடியது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சுருங்குது டீச்சர். சுவரு அப்படியே இருக்கு, உள்ள இருக்குற கலர் மட்டும் ஒதுங்குது."

"செத்த செல் இப்படிச் சுருங்காது. செல்லோட சவ்வு உயிரோட இருந்தாத்தான் தண்ணிய மட்டும் வெளிய விட்டு, கலர உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும்."

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்ததைச் சொன்னார். அவர் பார்த்தவை உயிர் போன காலி அறைகள், வெறும் சுவர்கள். உட்கருவுக்குப் பெயர் வைக்க 1831-இல் ராபர்ட் பிரவுன் வரவேண்டியிருந்தது. பிள்ளைகள் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டார்கள். அவள் குறிக்கவில்லை.

"அப்ப இது உயிரோடவா இருக்கு? பேட்டையில மூட்டையில கிடந்தது டீச்சர்."

"உயிரோடதான்."

"அதான் மழை நாள்ல மூட்டைக்குள்ளயே முளைக்குதா…"

கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

காற்றுக்குமிழிப் பையன் இதுவரை பேசாமல் இருந்தான். "எங்கத்தா தோல் ஷாப்புல வேலை. பச்சைத் தோலுக்கு மூட்டை மூட்டையா உப்பு போடுறாங்களே, அது இதுக்குத்தானா?"

"அதேதான். உப்பு கிருமியோட தண்ணிய இழுத்துரும். தோல் அழுகாது."

"அந்த உப்ப எல்லாம் அப்புறம் கழுவி விடுறாங்க டீச்சர்."

டீச்சர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கு அதில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. அத்தனை கிணற்றை நம்பியும் வேர்கள் இருந்திருக்கும். ஒவ்வொரு வேரிலும் இதே செல்கள்.

"கிணத்துத் தண்ணியில இந்த அளவு உப்பு இருக்காது," என்றார் டீச்சர். "ஆனா வேருக்குத் தண்ணி இழுக்குறது கஷ்டமாயிரும். செடி வளராம நின்னுரும்."

இதற்குள் அந்தப் பெண் நல்ல தண்ணீரை ஓரத்தில் சொட்டவிட்டு, புதுத் துண்டுக் காகிதத்தை எதிர்ப்பக்கம் வைத்திருந்தாள். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"வருது," என்றாள். "திரும்பி வருது. ஒண்ணு சுவரத் தொட்டுருச்சு."

ஆளுக்கு ஆள் தலையை நீட்டினார்கள். பையன் மட்டும் டீச்சர் பக்கத்தில் போய் நின்றான்.

"நாளைக்கு எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி கொண்டு வரவா?"

"கொண்டு வா. குழாயில வர்ற ஆத்தூர் அணைத் தண்ணியும் ஒரு பாட்டில். எது எதுன்னு பேரு எழுதி ஒட்டிக் கொண்டு வா."